இரண்டாம் முகடு

எங்கள் ஆலையில் தினமும் ஒரு கேன் தண்ணீரைக் கீழே ஊற்றுவோம். பத்து லிட்டர் வெள்ளைக் கேன். சுத்திகரிப்புக் கூடத்தில் மதியம் மூன்று மணிக்கு அது நிரம்பும். தட்டுக்கூடத்துப் பாவாயி வந்து தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத் தொட்டியில் சாய்த்துவிட்டு, கேனைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். பதினோரு வருடம் இது நடந்தது. அந்தக் கேனில் இருப்பது என்ன என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெயர் மரகதவல்லி, சுத்திகரிப்புப் பிரிவின் தலைவி. தூய்மை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும்.

ஆலை இருப்பது ஆத்தூருக்கு வெளியே, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்கு நடுவே. மரவள்ளிக்கிழங்கில் மாவை எடுத்தபின் மிஞ்சும் சக்கையை இங்கே திப்பி என்பார்கள். திப்பியையும் கோதுமைத் தவிட்டையும் பிசறி, அவித்து, தட்டுகளில் பரப்பி, அதன்மேல் ஒரு பூஞ்சையை விதைப்போம். ஐந்தாம் நாள் தட்டு முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதை ஊறவைத்துப் பிழிந்தால் வருவது பால் விடாத டீ போல ஒரு சாறு. பூஞ்சை தன் சாப்பாட்டைச் செரிக்கக் கக்கிய நொதிகள் எல்லாம் அதில் இருக்கும், நமக்கு வேண்டியதும் வேண்டாததும். சாற்றைப் பனிக்கட்டியில் வைத்து உப்பைச் சேர்த்துக்கொண்டே போனால் புரதம் திரிந்து அடியில் இறங்கும். அதை எடுத்துக் கரைத்து, உப்பை நீக்கி, பொடி மணிகள் அடைத்த ஆளுயரக் கண்ணாடிக் குழாயின் தலையில் ஊற்றுவோம். ஒவ்வொரு புரதமும் தன் தன் வேகத்தில் இறங்குவதால் கீழே தனித்தனியாகச் சொட்டும். பக்கத்துத் திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கும். புரதம் வரும்போது கோடு எழும்பி இறங்கும். எங்களுக்கு இரண்டு முகடுகள் வரும். முதலில் பெரியது, சற்றுப் பின்னால் சின்னது. கூடத்தில் எல்லாரும் அவற்றைப் பெரியவன், சின்னவன் என்றுதான் சொல்வார்கள். பெரியவனைப் பிடித்து வைப்போம். சின்னவன் கேனுக்குப் போவான்.

பெரியவனால் வந்ததுதான் பொது ரத்தம். ரத்தத்தின் சிவப்பணுக்கள்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. சங்கிலியின் நுனியில் ஒரு மணி கூடுதலாக இருந்தால் ஏ வகை. வேறு மணி என்றால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. கூடுதல் மணி இல்லாமல் அடிச்சங்கிலி மட்டும் இருந்தால் ஓ. பெரியவன் அந்தக் கூடுதல் மணியை வெட்டிவிடுவான். எந்த ரத்தமும் ஓ ஆகிவிடும். பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற தொல்லையை வேறொரு கம்பெனி வேறு வழியில் முடித்து வைத்தது. திட்டம் வந்த இரண்டாம் வருடமே 'அவசரம், பி நெகட்டிவ் தேவை' என்ற செய்திகள் போன்களிலிருந்து மறைந்தன. அடையாள அட்டைகளில் ரத்த வகைக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். புதிதாக வரும் லேப் பிள்ளைகளுக்கு ரத்த வகை பார்க்கச் சொல்லித் தருவதுகூட இல்லை. பிழைத்த உயிர்களின் கணக்கை மந்திரிகள் மேடையில் சொல்வார்கள், அது பொய்யில்லை. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு கிடைத்தது, நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இன்னொரு பெருமையும் எனக்கு இருந்தது. ஒவ்வொரு முறை நொதி தயாரானதும் அதைச் சோதிக்க ஒப்பீட்டுக்குக் கொஞ்சம் ஓ ரத்தம் வேண்டும். ஆரம்ப காலத்தில் அதற்காகச் சேலத்துக்கு ஆள் அனுப்பினால் ஒரு நாள் போய்விடும். நான் ஓ. கல்லூரி அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. பதினேழு தடவை ஓ என்று சொல்லி ரத்தம் கொடுத்திருக்கிறேன், வாங்கியவர்கள் எல்லாரும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள். ஆகவே என் கையிலிருந்தே எடுத்துவிடுவோம். ஆய்வு நாட்களில் தொடங்கிய வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. 'மேடத்தோட ரத்தத்துலதான் கம்பெனியே ஓடுது' என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பிடிக்கும்.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை, கேனை எடுக்க வந்த பாவாயி கேனை எடுக்காமல் என் மேசை முன்னால் நின்றார்.

"மேடம், ஒரு நிமிசமுங்க."

பர்ஸிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழைய அட்டையை எடுத்து நீட்டினார். அவருடைய ஒரே மகள் கனிஷ்காவுக்குப் பள்ளி நாளில் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது கொடுத்த அட்டை. ரத்த வகை என்ற இடத்தில் 'பம்பாய் வகை' என்று பேனாவால் எழுதி, இரண்டு முறை கோடிட்டிருந்தது.

"அவளுக்கு எட்டு மாசமுங்க. நஞ்சுக்கொடி கீழ எறங்கி வழிய அடைச்சுட்டு இருக்குதாமுங்க. ஆபரேசன் பண்ணித்தான் எடுக்கோணும், ரத்தம் நெறையப் போகும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இந்தக் கார்டை அவங்க ஒருத்தர்தான் வாங்கிப் படிச்சாங்க. மத்த எடத்துல எல்லாம், 'இப்பப் போயி யாரும்மா குரூப்பு பாக்கறாங்க'ன்னு சிரிச்சாங்க."

"தேதி குறிச்சாச்சா?"

"இன்னும் பதினாறு நாளு இருக்குதுங்க." பாவாயி அட்டையைத் திரும்ப வாங்கவில்லை. "நம்ம ரத்தம் எல்லாத்துக்கும் சேரும்னுதானுங்க வாசல்ல எழுதிப் போட்டிருக்குது. இவளுக்குச் சேராதுங்களா?"

"சேராது, பாவாயி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என் அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

நான் விளக்கினேன். சிலருக்கு அடிச்சங்கிலியே இருக்காது. அவர்கள் உடம்புக்கு ஓ ரத்தம்கூட அந்நியம்; உள்ளே போனால் உடம்பு அதை எதிரி என்று நினைத்து உடைத்துத் தள்ளும். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு அப்படி இருக்கும். அவர்களுக்கு அவர்களைப் போன்றவர்களே கொடுக்க வேண்டும்.

"முன்னாடி ஒரு குழு இருந்துச்சுங்க, போன்ல. கும்பகோணத்துல ஒருத்தர், ஓசூர்ல ஒருத்தர். இப்பக் கூப்பிட்டா ஒருத்தர் தவறிட்டாராம். இன்னொருத்தர் நம்பரே இல்லீங்க. அவளோடதையே முன்னாடி எடுத்து வெக்கலாமான்னா, ஒடம்புல ரத்தமே பத்தலீன்னுட்டாங்க."

அந்தக் குழு ஏன் கலைந்தது என்று எனக்குத் தெரியும். திட்டத்துக்கு அனுமதி கொடுத்த வல்லுநர் குழுவில் நானும் இருந்தேன். பம்பாய் வகைக்காரர்களை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். தனிப் பதிவேடு வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனோம். ரத்த வகை பார்ப்பதே நின்றபின் அந்தப் பதிவேட்டில் யாரைச் சேர்ப்பது? நாலாம் வருடம் அதை மூடியபோது எனக்கும் ஒரு நகல் வந்தது. படித்தேன், கோப்பில் போட்டேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் ராசிபுரத்திலிருந்து லோகாம்பாள் என்ற பெண் வல்லுநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். லாரி ஓட்டிய கணவருக்கு விபத்து, கால் முறிவுதான், பொது ரத்தம் ஏற்றினார்கள், அன்று மாலையே இறந்துவிட்டார். 'அவருக்கு எல்லா ரத்தமும் சேராது என்று சின்ன வயதில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இருக்குமா?' என்று கேட்டிருந்தார். பதில் எழுதும் வேலை எனக்கு வந்தது. அவர் ரத்த வகைக்கு எந்தச் சான்றும் இல்லை, ஒவ்வாமையாக இருக்கலாம் என்று இரண்டே வரியில் எழுதினேன். சான்று இல்லாமல் போனதற்கு யார் காரணம் என்று எழுதவில்லை.

மறுநாள் கனிஷ்காவைப் பார்க்கும் டாக்டர் ஃபர்சானாவுக்குப் போன் செய்தேன். ஆத்தூரில் சின்ன மருத்துவமனை வைத்திருக்கிறார். கறாரான பேச்சு.

"மூணு பாட்டில் கையில இல்லாம நான் கத்தியை எடுக்க மாட்டேன் மேடம். நீங்க நுனி மணியை வெட்டுறீங்க. அடிச்சங்கிலியையும் வெட்டுற ஒரு கத்தரி உங்க பூஞ்சைகிட்ட இல்லையா? அதுகிட்ட நூறு கத்தரி இருக்கும்னு நீங்கதானே பேட்டியில சொன்னீங்க?"

"இன்னொண்ணு இருக்கு. பதினாலு வருஷம் முன்னாடியே பார்த்தாச்சு. எதையும் வெட்டாது. அதைத்தான் தினமும் கீழ ஊத்துறோம்."

"இன்னொரு தடவை பாருங்களேன். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டம் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் என் பழைய முடிவை இன்னொருவர் திரும்பப் பார்க்கச் சொன்னது சுருக்கென்று இருந்தது. அந்தச் சுருக்கை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இதற்கென்றே பாவாயி தானே பதினான்கு தட்டு விதைத்தார். ஐந்து நாளும் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. தட்டில் கை வைத்துச் சூட்டைப் பார்த்துப் பார்த்து ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தார். அறையில் அதற்கான கருவி உண்டு. அவர் அதை நம்புவதில்லை. சாறு எடுத்தோம், உப்பில் இறக்கினோம், குழாயில் விட்டோம். பெரியவன் வந்து போனான். சின்னவன் வந்தபோது முதல் தடவையாகக் கேனை விலக்கிவிட்டு அவனைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தேன்.

முதலில் பழைய சோதனை. சின்னவனைச் சிவப்பணுக்களோடு கலந்து வைத்தால், சங்கிலியை வெட்டினால் சர்க்கரை நீரில் உதிரும், அதை அளக்கலாம். வழக்கம்போல் என் ரத்தத்தை எடுத்தேன். ஒரு மணி நேரம் வைத்தேன். உதிர்ந்த சர்க்கரை: இல்லை. பதினான்கு வருடத்துக்கு முன் வந்த அதே விடை.

பாவாயி கதவருகே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது செய்ய வேண்டும் என்பதற்காக, டாக்டர் அனுப்பியிருந்த கனிஷ்காவின் ரத்தநீரை எடுத்தேன். வெள்ளைப் பீங்கான் தட்டில் மூன்று இடத்தில் ஒவ்வொரு சொட்டு வைத்தேன். முதல் சொட்டில் பொது ரத்தம் கலந்தேன். பால் திரிவது போலக் கட்டி கட்டியாகிவிட்டது. சேராத ரத்தம் அப்படித்தான் ஆகும். இரண்டாவதில் சின்னவன் ஊறிய என் ரத்தம். தட்டை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். கட்டியாகவில்லை. ஒரே சீராகச் சிவப்பு.

"பாவாயி! கட்டியாகலை!"

அவர் ஓடி வந்து தட்டைப் பார்த்துவிட்டுக் கை கூப்பினார், எனக்கா சின்னவனுக்கா என்று தெரியவில்லை. நான் சிரித்துக்கொண்டே மூன்றாவது சொட்டில், முறைக்காக, சின்னவன் படாத என் ரத்தத்தைக் கலந்தேன். இது கட்டியாக வேண்டும்.

ஆகவில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. சின்னவன் பட்டாலும் படாவிட்டாலும் ஒன்று என்றால் சின்னவன் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். ரத்தநீர் கெட்டுவிட்டதா என்றால், முதல் சொட்டு கட்டியாகியிருக்கிறதே. புது ஊசியில் விரலைக் குத்தி மறுபடி கலந்தேன். மறுபடியும் சீரான சிவப்பு. நான்கு தடவை செய்தேன்.

"என்னாச்சுங்க மேடம்?"

"உங்க விரலைக் குடுங்க."

பாவாயியும் ஓ வகை. பழைய கம்பெனி அட்டையில் இருக்கிறது. அவர் ரத்தம் மகளின் ரத்தநீரில் பட்டதும் கட்டி கட்டியாகத் திரிந்தது. அவர் அதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். மிச்ச ரத்தத்தில் சின்னவனை விட்டு ஒரு மணி நேரம் வைத்தேன். பிறகு சர்க்கரையை அளந்தேன். அளவுகோலின் உச்சிக்குப் போய் நின்றது. அணுக்களை மூன்று முறை கழுவிக் கனிஷ்காவின் சொட்டில் கலந்தேன். சீரான சிவப்பு.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாவாயி, என் ரத்தம் ஓ இல்லை. உங்க பொண்ணோட ரத்தம்தான் எனக்கும்."

"அதெப்படிங்க? பதினேழு வாட்டி குடுத்திருக்கீங்களே."

"குடுத்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. எனக்கு ஏத்தினாத்தான் ஆபத்து. எனக்கு யாரும் ஏத்தினதே இல்லை. மேலோட்டமாப் பார்த்தா பம்பாய் வகையும் ஓ மாதிரிதான் தெரியும். இன்னொரு சோதனை பண்ணித்தான் பிரிக்கணும். எனக்கு அதை யாரும் பண்ணலை, நானும் பண்ணிக்கலை."

அவர் வேகமாகக் கணக்குப் போட்டார். "அப்ப நீங்களே அவளுக்குக் குடுக்கலாமுங்களா?"

"ஒரு பாட்டில் குடுக்கலாம்."

"மீதி ரெண்டுக்கு?"

"சின்னவன் இருக்கான்."

அவர் அழுதார். நான் அழவில்லை, எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியிலிருந்து பழைய ஆய்வு நோட்டை எடுத்தேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. 'இரண்டாம் முகடு. ஏ அணுக்களில் செயல் இல்லை. பி அணுக்களில் செயல் இல்லை. ஓ அணுக்களில் (என்னுடையது) செயல் இல்லை. முடிவு: பயனற்ற மாசு.' ஏ, பி அணுக்களில் நுனி மணி அடிச்சங்கிலியை மூடிக்கொண்டிருப்பதால் சின்னவனுக்கு வெட்ட இடமில்லை. ஓ அணுவில் வெட்டியிருப்பான். என் அணுவிலோ வெட்டச் சங்கிலியே இல்லை. வேறு யாருடைய விரலைக் குத்தியிருந்தாலும் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரு நாள் மிச்சமாகட்டும் என்று என் விரலைக் குத்தினேன்.

டாக்டர் ஃபர்சானா போனில் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"உங்க பாட்டில் பிரச்சினை இல்லை. மத்த ரெண்டுக்கும் அனுமதி கிடையாது, தெரியும்ல?"

"தெரியும்."

"மறைச்சு எதுவும் செய்ய மாட்டேன். தேவைப்பட்டாத்தான் ஏத்துவேன். என்ன ரத்தம், யார் செஞ்சதுன்னு கேஸ் ஷீட்ல எழுதிட்டு ஏத்துவேன். அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிடுவேன்."

கனிஷ்காவிடம் நானே சொன்னேன். சின்னவன் கதை முழுவதையும் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கம்மா தெனமும் கீழ ஊத்துதே, அதுங்களா?"

"அதேதான்."

"சரிங்க. ஏத்துங்க."

ஆபரேஷன் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. நானும் பாவாயியும் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். நான்கு நாளைக்கு முன் ரத்தம் கொடுத்த கையில் ஊசித் தடம் இன்னும் நீலமாக இருந்தது. பாவாயி அடிக்கடி அதையே பார்த்தார். பத்தரைக்குக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பாவாயி எழுந்து நின்றார். கதவு திறக்கவில்லை. பத்து நாற்பதுக்கு நர்ஸ் ஒருவர் வெளியே வந்து, எங்களைப் பார்க்காமல் குளிர்பெட்டிக்குப் போய் இரண்டாவது பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். என் பாட்டில் தீர்ந்துவிட்டது. இனி சின்னவன்.

எனக்கு என்னவெல்லாம் தெரியுமோ அவ்வளவும் அப்போது பயமாக வந்தது. சின்னவனில் ஊறிய அந்தப் பொது ரத்தத்தை இன்னொரு தடவை கழுவியிருக்கலாமோ என்று நினைத்தேன். லோகாம்பாளின் கணவருக்கு எத்தனை நிமிடத்தில் நடுக்கம் வந்தது என்று அந்தக் கடிதத்தில் இருந்தது. பதினைந்து. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து ஆயிற்று, இருபது ஆயிற்று. நர்ஸ் மறுபடி வந்து மூன்றாவதையும் எடுத்துக்கொண்டு போனார். பாவாயி என் கையைப் பிடித்திருந்தார், தடம் இருந்த இடத்திலேயே. வலித்தது. சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஃபர்சானா முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "பொம்பளைப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ரத்தம் நின்னுடுச்சு." பிறகு என்னைப் பார்த்து, "மேடம், இனி உங்க பாடு" என்றார்.

என் பாடுதான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து வல்லுநர் குழுவுக்கு எழுதினேன். ஆலையின் ஒப்பீட்டு ரத்தம் என்னுடையது, அது ஓ அல்ல. இரண்டாம் முகட்டைப் பற்றிய என் முடிவு தவறு. எல்லா மருத்துவமனையிலும் மறுபடி ரத்த வகை பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் நடந்த மரணங்களைத் திரும்பத் திறக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அனுப்பிவிட்டேன். மதியம் நிர்வாகத்திலிருந்து போன் வந்தது. விசாரணை முடியும்வரை ஆலை நிற்கும், நான் வீட்டில் இருக்க வேண்டும். அதிர்ச்சியாக இல்லை. தட்டுக்கூடத்துப் பெண்களை நினைத்தபோதுதான் வருத்தமாக இருந்தது.

மேசையில் இன்னொரு தாள் இருந்தது. மேலே 'அன்புள்ள லோகாம்பாள் அவர்களுக்கு' என்று எழுதி, அதற்கடியில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்திருந்தேன். மூன்று மணிக்குப் பாவாயி வந்தார். கையில் கேன். பழக்கத்தில் எடுத்திருக்கிறார், அது காலியாக இருந்தது. அன்றைக்கு வந்த சின்னவன் முழுவதும் குளிரறையில் இருந்தான்.

"ஆலையை நிறுத்தீருவாங்களாமுங்களே?"

"கொஞ்ச நாளைக்கு. என்னாலதான், பாவாயி."

"தெரியுமுங்க." அவர் தாளை எட்டிப் பார்த்தார். "யாருக்குங்க?"

சொன்னேன். லாரி, கால் முறிவு, அந்தக் கேள்வி, என் இரண்டு வரிப் பதில். பாவாயி கேனைத் தரையில் வைத்தார். ரெண்டு வருஷம் முன்னாடி எந்த மாசம் என்று மட்டும் கேட்டார். ஆடி என்றேன். அந்த ஆடியில் ஒரு நாள்கூட லீவு போடாமல் கேனை ஊற்றியதாகச் சொன்னார்.

"என்ன எழுதறதுன்னு தெரியலை. எப்படி ஆரம்பிச்சாலும் விளக்கமாப் போயிடுது."

"எதுக்குங்க விளக்கம்? அந்தம்மா கேட்டது ஒண்ணுதானுங்களே. 'ஆமா, அதனாலதான் இருக்கும். அவருக்குச் சேர்ற மாதிரி ஆக்குறது எங்ககிட்ட அன்னைக்கும் இருந்துச்சு. நாங்க கீழ ஊத்திட்டோம்'னு எழுதுங்க." கேனைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். "நாங்கன்னே போடுங்க மேடம். ஊத்துனது நானுதானுங்களே."

அடித்த தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். நாங்கள் என்று போடவில்லை. நான் என்றே எழுதினேன்.